மனைவியின் பெயரில் கார் ஓட்ட நினைக்கும் மகனுக்கு

மகனே,

வியாழக்கிழமை பின்னேரம் நான் தொலைபேசியை வைத்த கையோடு, "நீ என்ர பிள்ளையே இல்லை" என்று சொன்னாய். நல்லது. நான் பிறந்த நாளிலிருந்து நீ என்னை "அம்மா, இஞ்ச வாங்கோ", "என்ர அம்மா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறாய். பிள்ளை என்ற பதவியைப் பறித்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது அம்மா என்ற பதவிதான். பதினேழு வயதில் பதவி உயர்வு, அதோடு நாற்பத்தொன்பது வயதில் முன்மண்டை வழுக்கையோடு ஒரு மகன். வேறு எந்தப் பெண்ணுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்? ஆகவே இந்தக் கடிதத்தில் நான் உன்னை 'நீ' என்றுதான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் எழுந்து வந்து அடிக்காதே. பெற்ற தாயை அடித்த பாவம் உனக்கு வேண்டாம். என்னை உண்மையில் பெற்றவளை 'உன் மனைவி' என்று எழுதுகிறேன். ஒரு வீட்டில் இரண்டு அம்மா இருந்தால் வாசிக்கிறவருக்குக் குழப்பம்.

இதை நான் உறையில் போடவில்லை. போட்டிருந்தால் அரசாங்கக் கடிதம் என்று நினைத்து என்னிடமே கொண்டுவந்து, "என்ன போட்டிருக்கினம் எண்டு பார்" என்பாய். அதனால்தான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பாலுக்கும் முட்டைக்கும் காவலாக ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் வாசிக்கலாம். உன் மனைவியும் வாசிக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒன்பது வருசம் என்னை இழுத்துக்கொண்டு போனவன் நீ. பனியில் விறைக்க விறைக்க இழுத்துப்போய்ப் படிப்பித்த தமிழ் உன்னைத் திட்டத்தான் உதவும் என்று உனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும்.

கோபத்தை எங்கே தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். போன வருசம் தம்பி முதல் நன்மை எடுத்து, முதன்முதல் நற்கருணை வாங்கிய அன்றுதான் தொடங்க வேண்டும். கோயிலின் கீழ் மண்டபத்தில் விருந்து. சுவாமியார் மண்டபத்துக்குள் குடிவகை கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆண்கள் சொல் கேட்கிற ஆண்கள். மண்டபத்துக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் சவிரி அங்கிளின் கார் டிக்கிதான் அன்றைக்குக் குடிமண்டபம். டயர் கடையில் வேலை செய்கிறவர், ஊர்ச் சனத்துக்கெல்லாம் கேட்காமலே யோசனை சொல்கிறவர், அந்த சவிரி அங்கிள்தான். மீன் றோல்ஸ் தட்டோடு நான் மூன்று தரம் வெளியே வந்தேன். மூன்று தரமும் உன் கையில் வேறு வேறு போத்தல். நாலாவது தரம் வந்தபோது தேநீர்க் கோப்பை. அதற்குள் இருந்தது தேநீர் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

பின்னேரம் நாலு மணி. நல்ல வெயில். உன் மனைவி மண்டபம் கூட்டிக் கழுவ நின்றுவிட்டாள். தம்பி வெள்ளைச் சட்டையோடு பின் இருக்கையில், மிஞ்சிய கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். நான் முன்னால். லாசாலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற தெப்பனர் கடை உனக்குத் தெரியும். நாங்கள் பாலும் தொலைபேசி அட்டையும் வாங்குகிற அந்த மூலைக்கடை. அதன் முன்னால் ஒரு கார் அசையாமல் நின்றது. அது வரவில்லை, போகவில்லை, உன்னோடு ஒரு சண்டைக்கும் வரவில்லை. நின்றது. நீ போய் இடித்தாய். கடைக்குள்ளிருந்து கையில் பால் பையோடு ஒரு மனிதர் வெளியே வந்து, தன் காரின் பின்பக்கம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. பால் பையைக் கீழே வைக்கவும் இல்லை. அந்த மனிதரின் முகம் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நீ அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாய். பொலிஸ் வரப்போகிறது, பிரெஞ்சு வேண்டும் என்று.

வந்தது ஒரு பொலிஸ்காரி. நல்லவிதமாகத்தான் "பொன்ஷூர்" என்றாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, எவ்வளவு குடிச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

"ஒண்டு எண்டு சொல்லு."

"அப்பா…"

"ஒரு பியர். மத்தியானம், சாப்பாட்டோட. சொல்லு அம்மா."

சொன்னேன். வெறுமனே சொன்னாலும் பரவாயில்லை. பகிடிக்காரி அல்லவா நான், கொஞ்சம் மசாலாவும் போட்டேன். சின்னப் போத்தல், அதுவும் கடைசி மிடறு ஊற்றிவிட்டார், எங்கள் அப்பாவுக்குப் பியரைவிட மோர்தான் பிடிக்கும் என்றேன். பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களையும் சிரிக்கவைக்கிற அதே குரலில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உனக்கு எத்தனை வயது?" என்று கேட்டாள். பதினாறு என்றேன். "இனி நீ மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர் ஊதட்டும்" என்றாள். ஊதினாய். அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு மொழியும் தெரியாது, ஆனால் எங்கள் மூன்று பேரையும்விட ஒழுங்காகக் கதைத்தது. உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் தம்பியும் கேக் பெட்டியோடு இரண்டு தெரு நடந்தோம். "அக்கா, அப்பா நாளைக்கு வருவாரோ?" என்று அவன் கேட்டான். அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் நன்மை. முதல் தின்மையையும் அன்றைக்கே பார்த்துவிட்டான்.

ஊதியதற்காக நான் இப்போது கோபிக்கவில்லை. அதற்கு நீதிமன்றம் கோபித்துவிட்டது. ஒரு வருசம் லைசென்ஸ் இல்லை என்றது. நீயும் அந்த ஒரு வருசத்தை அனுபவித்தாய், அதை நான் மறைக்கமாட்டேன். துறைமுகத்துப் பக்கத்தில் வேலை. இங்கிருந்து பஸ், மெட்ரோ, திரும்பவும் பஸ். இந்த நகரமே ஒரு தீவு, அதன் ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிக்கு. ஆறு மணி வேலைக்குப் போக முதல் மெட்ரோ காணாது என்று நீ மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஏழு மணிக்கு மாற்றினாய். அதற்கும் இரண்டு தரம் பிந்தினாய். மூன்றாம் தரம் பிந்தினால் வேறு ஆள் பார்ப்பேன் என்று அவன் சொன்னதை நீ எங்களுக்குச் சொல்லவில்லை. உன் சாப்பாட்டுப் பையில் இருந்த எச்சரிக்கைக் கடிதத்தை நான்தான் வாசித்தேன். வண்டி ஓட்டாத வருசத்தில் உன் வயிற்று வண்டி மட்டும் நன்றாகக் குறைந்தது, பெல்ட்டில் புது ஓட்டை போட்டாய். கார் உனக்குத் தேவை, மகனே. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி நான் சொல்லப்போவதை நின்றுகொண்டு வாசிக்காதே, கதிரையை இழுத்துப்போட்டு இரு. இது என் பிழை. விபத்து நடந்து கொஞ்ச நாளில் காப்புறுதிக் கொம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குத்தான் நீ முதன்முதல் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தாய். சப்பாத்து நாடாவை அவிழ்க்கக்கூடச் சீவன் இல்லாமல் சோபாவில் சரிந்து கிடந்தாய். "என்னவாம்?" என்றாய். ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம், இனி உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பிரெஞ்சில் கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் உன் சப்பாத்தைப் பார்த்தேன். "கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைக்கினமாம் அப்பா, லைசென்ஸ் வந்தாப் பேந்து பாப்பினமாம்" என்றேன். நீ தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினாய்.

அது முதல் தரமும் இல்லை. ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் என் வாய் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. உள்ளே வரும்போது நான் அவற்றின் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் விடுவேன். வாடகை கேட்டு வீட்டுக்காரன் "கடைசி எச்சரிக்கை" என்று எழுதினால், "ஞாபகப்படுத்துறாராம்" என்பேன். என் பள்ளிக்கூடம் "வகுப்பைக் குழப்புகிறாள்" என்று எழுதினால், "வகுப்பில உற்சாகமா இருக்கிறாவாம்" என்பேன். இரண்டாவதற்கு நீ எனக்குச் சைக்கிள்கூட வாங்கித் தந்தாய். நீங்கள் இருவரும் மனம் நோகக் கூடாது என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், கெட்ட செய்தி சொன்னவுடன் உன் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடிவதில்லை. அவ்வளவுதான். அதன் விளைவு, ஒரு வருசம் முழுக்க நீ நாட்காட்டியில் நாளை வெட்டி வெட்டி, லைசென்ஸ் வந்த அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நம்பியிருந்தாய். அந்த நம்பிக்கையை நட்டுத் தண்ணீர் ஊற்றியவள் நான்.

போன மாதம் லைசென்ஸ் வந்தது. நீ சவரம் செய்து, நல்ல சேட்டு போட்டு, பழைய கொம்பனிக்குத் தொலைபேசி எடு என்றாய். எடுத்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தவன் இரண்டு நிமிசத்தில் முடித்துவிட்டான். உன் பெயருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பட்டம் இருக்கிறதாம். எங்கள் பரம்பரையில் முதல் பட்டம். அதிக ஆபத்துள்ள ஓட்டுநர். அன்றைக்கு மட்டும் நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன், மாற்ற வழியும் இருக்கவில்லை.

"ஆபத்தோ? நானோ ஆபத்து? பதினெட்டு வருசம் இந்தப் பனியில ஓடியிருக்கிறன்!"

"அப்பா, அவை பதினெட்டு வருசத்தைக் கேக்கேல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேக்கினம்."

"வாயைப் பார் இவளின்ர!"

எனக்குப் பள்ளியில் புள்ளி கூடினால் நீ கோயில் முழுக்கச் சொல்லித் திரிவாய். உனக்குத் தெருவில் குற்றப் புள்ளி கூடினால் மட்டும் உலகமே உனக்கு எதிரி. அந்தப் பட்டம் உன்னைக் குத்தியது எனக்குத் தெரியும். ஆனால் நீ பட்டத்தோடுதான் சண்டை பிடித்தாய், பட்டம் எடுத்த பரீட்சையைப் பற்றி இன்று வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. என்னிடம் இல்லை, தம்பியிடம் இல்லை, உன் மனைவியிடமும் இல்லை. "அண்டைக்கு நடந்தது" என்பாய். யாரோ நடத்தியது மாதிரி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கீழ் மண்டபத்தில் கோப்பிக்கு நின்றபோது சவிரி அங்கிள் வந்தார். டிக்கியைத் திறந்த அதே கை இப்போது உன் தோளில்.

"மச்சான், இதென்ன பெரிய விசயமே? மனிசியின்ர பேரில போடு. கார் ஓடுறது மனிசி. நீ எப்பவாச்சும் ஒருக்கா எடுப்பாய். வீட்டில ஒருத்தற்ற லைசென்சும் போகேல்ல எண்டு சொல்லு. எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே."

"பிடிபட்டா, அங்கிள்?" என்று நான் கேட்டேன். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே வரக் கூடாது என்று தெரியும். குறுக்கே வருவதுதானே என் தொழில்.

"பிள்ளை, பிடிபட்டாத்தானே பிடிபடுறது. ஆக்களுக்குக் காயம் எண்டா இஞ்ச அரசாங்கம் பாக்கும். கொம்பனி பாக்கிறது தகரத்தை மட்டும்தான். தகரத்துக்குப் பொய் சொன்னா பாவமே?"

நீ சிரித்தாய். பல நாளாகச் சிரிக்காத ஆள் சிரித்தாய் என்பதற்காக நானும் சிரித்துவிட்டேன். அதையும் என் கணக்கில் எழுது. மகனே, பெற்றவள் சொல்கிறேன் கேள்: பொய் சொல்லி எடுக்கிற காப்புறுதியில் காப்பு மட்டும்தான் உறுதி, அதுவும் பொலிஸ் கைக்குப் போடுகிற காப்பு. எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்கிறவன், மாட்டுப்பட்ட ஒருத்தன் பெயரையாவது உனக்குச் சொன்னானா? மாட்டுப்பட்டவர்கள் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டு கதை சொல்வதில்லை.

அதோடு யாரின் பெயரில்? உன் மனைவியின் பெயரில். கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்கிறவள், அங்கே பஸ்ஸிலும் மெட்ரோவிலும்தான் போய் வருகிறாள். காரை அவள் எடுப்பது கோயிலுக்கும் மரக்கறிக் கடைக்கும் மட்டும். இடப்பக்கம் திரும்பப் பயம். ஒரு தரம் இடப்பக்கம் திரும்புவதற்குப் பதிலாக மூன்று தரம் வலப்பக்கம் திரும்பிச் சுற்றி வருவாள். இந்தத் தீவில் சிவப்பு விளக்கில் வலப்பக்கமும் திரும்ப விடமாட்டார்கள். அப்படிப்பட்டவள் தினமும் காலையில் நெடுஞ்சாலையில் ஏறித் துறைமுகத்துக்குப் போகிறாள் என்று நாங்கள் கொம்பனிக்குச் சொல்லப்போகிறோம். வலம் வலமாகச் சுற்றியே போனால் அவள் திங்கள் புறப்பட்டுப் புதன் போய்ச் சேருவாள்.

சிரிக்காதே. இனிச் சிரிப்பு இல்லை.

வியாழக்கிழமை நீ எனக்குக் கொடுத்த வேலை, உன் மனைவியாக நடிப்பது. எனக்கு அவளின் குரல் வரும். பிரெஞ்சைத் தமிழ் மாதிரி இழுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு "ம்" போட்டு. பிறந்தநாள் விழாக்களில் "அம்மா மாதிரிக் கதைச்சுக் காட்டு" என்று நீதான் என்னை மேசைக்கு முன்னால் தள்ளுவாய். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். விளையாட்டுக்கு வைத்திருந்த அந்தக் குரலை நீ வேலைக்கு எடுத்துவிட்டாய். தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு என் முன்னால் கதிரையில் குந்தினாய். நான் அவளின் பிறந்த திகதி சொன்னேன். அவளின் லைசென்ஸ் இலக்கம் சொன்னேன். தினமும் துறைமுகத்துக்கு ஓடுவது நான்தான் என்றேன். அவள் குசினி வாசலில் ஈரக் கையோடு நின்று, தன் குரல் தனக்குத் தெரியாத கதையைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ அவளுக்கு முதுகு காட்டி இருந்ததால் அவளின் முகத்தைப் பார்த்தது நான் மட்டும்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள். உங்கள் வீட்டில் யாருக்காவது லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டதா, ரத்துச் செய்யப்பட்டதா? பதினெட்டு வருசம் இங்கே இருந்தும் பிரெஞ்சு வராத உனக்கு, அந்த ஒரு கேள்வி மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. விரலை எடுத்து ஆட்டினாய். இல்லை, இல்லை என்று. "இல்லை எண்டு சொல்லு அம்மா" என்று வாயை மட்டும் அசைத்தாய்.

போன வருசம் வெயிலில் நின்றுகொண்டு என் வாயால் சொன்ன "ஒண்டு" என்னிடம் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்குப் பதினாறு, பயம், உன்னை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பதற்றம். வியாழக்கிழமை ஒரு பதற்றமும் இல்லை. நீ கோப்பி குடித்துக்கொண்டிருந்தாய். ஆறுதலாக இருந்து, யோசித்து, பெற்ற பிள்ளையின் வாயையும் கட்டிய மனைவியின் பெயரையும் சேர்த்து ஒரு பொய் செய்யப் பார்த்தாய். நான் தொலைபேசியை வைத்தேன். நீ எனக்குப் பிள்ளைப் பதவி இல்லை என்றாய். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

"என்ன கேட்டவள்? நீ ஏன் வைச்சனி?" என்று அவள் கேட்டாள்.

இந்த முறை நான் எதையும் குறைக்கவில்லை. முழுக்கச் சொன்னேன். வீட்டுக்குப் பத்திரம் வரும், அதில் நீங்கள் கையெழுத்து வைக்க வேணும், பொய் என்று தெரிந்தால் கொம்பனி ஒரு சதமும் தராது, பொய் சொன்னவர் என்று உங்கள் பெயர்தான் பதிவாகும், பிறகு உங்களுக்கும் காப்புறுதி தர எல்லாரும் யோசிப்பார்கள் என்றேன். அவள் கையைத் துடைத்துவிட்டுப் போய்க் கைப்பையைத் திறந்தாள். தன் லைசென்ஸ் அட்டையை எடுத்துப் பார்த்தாள். மூன்று தரம் பெயிலாகி நாலாம் தரம் எடுத்தது அது. அந்தப் படத்தில் எவ்வளவு பயந்திருக்கிறாள் தெரியுமா.

"அப்ப இதுவும் போயிடுமோ?" என்றாள்.

உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. என்னையும் ஏசவில்லை. அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும், மகனே? நீ சொல்லு. தகரத்துக்குத்தானே பொய் சொல்கிறோம் என்றா? இந்த நாட்டில் அவளுக்கென்று, அவளின் முகத்தோடும் அவளின் பெயரோடும் கிடைத்த சாமான் எத்தனை? நீ பறிகொடுத்தது உன்னுடையதை. அவளுடையதையும் கொண்டுபோய் அடகு வைக்க உனக்கு யார் உரிமை தந்தது? சவிரி அங்கிளா?

இனி அம்மா வேசம் போதும். எனக்கும் இந்தச் சேலை கட்டவராது.

அப்பா, வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் படிக்கிற கொலிச்சில் மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் நான் தொலைபேசிப் பெட்டியில் நின்றேன். என்னுடைய குரலில், என்னுடைய பெயரில், என் அப்பாவுக்காக என்று சொல்லித்தான் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மூன்று கொம்பனிகள் மாட்டோம் என்றன. நாலாவது, உங்களைப் போன்றவர்களையே எடுக்கிற இடம். அப்படியும் இடம் இருக்கிறது, லைசென்ஸ் போய்த் திரும்பி வந்தவர்களுக்கு. பழைய கட்டணத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலே, முன்கூட்டிக் கட்ட வேண்டும். பொறுக்க முடியாத விலைதான். உங்களால் முடியாவிட்டால் இன்னும் ஒரு குளிர்காலம் பஸ்தான், நானும் உங்களோடு விடிய எழும்பித் தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன். அந்த நாலாவது கொம்பனிப் பெண் என்னிடம் சொன்னது இதுதான்: "என்ன நடந்ததென்று எங்களுக்கு ஏற்கனவே பதிவில் தெரியும். அவர் அதைச் சொல்கிறாரா என்றுதான் பார்க்கிறோம்."

நீங்கள் இதை வாசித்துவிட்டு என் மேல் கோபப்படலாம், ஒரு வருசம் கடிதத்தை மாற்றி வாசித்ததற்கு. படுங்கோ. எனக்கு அது வேண்டும். பழைய கொம்பனி அனுப்பிய அந்தக் கடிதத்தை இப்போது ஒரு சொல்லும் விடாமல் தமிழில் எழுதி, இதற்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். இனி இந்த வீட்டுக்கு வருகிற கடிதங்கள் அப்படித்தான் வாசிக்கப்படும். வீட்டுக்காரனின் கடிதமும்தான், என் பள்ளிக்கூடத்துக் கடிதமும்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வீட்டுக்கு எடுப்பாள். உங்களுக்கு அன்றைக்குப் பின்னேர வேலை, எனக்கு முதல் வகுப்பு மத்தியானம். குசினி மேசையில் வந்து இருங்கோ. அம்மாவையும் இருக்கச் சொல்லியிருக்கிறேன், தம்பி பள்ளிக்குப் போயிருப்பான். கேள்விகளை நான் தமிழில் சொல்வேன், அவள் கேட்கிற மாதிரியே. பெயர், விலாசம், எத்தனை வருசம் ஓடினீர்கள், அதுக்கெல்லாம் நீங்கள் சொல்லுவதை நான் பிரெஞ்சில் சொல்வேன். பிறகு அவள் அதைக் கேட்பாள். குடித்துவிட்டு ஓட்டியதற்காக உங்களுக்குத் தண்டனை கிடைத்ததா என்று. அந்தப் பதில் ஓட்டுநரின் வாயிலிருந்தே வர வேண்டும், பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டாள். நான் தொலைபேசியை உங்களிடம் நீட்டுவேன். ஒரு சொல்தான் அப்பா. பிரெஞ்சில் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கோ. அம்மா பக்கத்தில் இருப்பா, அவவுக்கும் கேட்கட்டும். நீங்கள் வாய் திறக்கும் வரைக்கும் நான் திறக்கமாட்டேன்.